தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெப்லி

வாசகர் கேள்வி: ஐயா, காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காகக் காலி செய்தோம். மாடியில் கிடந்த டிரங்குப் பெட்டியில், தோல் உறைக்குள் ஒரு ரிவால்வர் இருந்தது. ஒரு தகர டப்பாவில் ஒன்பது தோட்டாக்களும் இருந்தன. தாத்தா ரங்கூனில் கணக்குப்பிள்ளையாக இருந்து 1942-ல் திரும்பி வந்தவர். ஒரு வெள்ளைக்காரத் துரை அன்பளிப்பாகக் கொடுத்தது என்று பெரியம்மா சொல்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டதும் ஒருவர் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னார். எனக்கு விற்க மனமில்லை. நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்று யூடியூபில் பார்த்தேன். இதிலிருந்து தொடங்கிப் பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கலாம் என்று ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, "விசையை இழுத்துப் பார்த்தேன்" என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் உங்களுக்கு ஃபோன் செய்தேன். அன்று பேசியதைத்தான் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துப்பாக்கிக் கடை. இப்படிப்பட்ட பெட்டிகள் வருடத்துக்கு இரண்டாவது திறக்கப்படும். திறந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்வது விசையை இழுப்பதுதான். எண்பது வருடம் கிடந்த தோட்டா செத்துப்போயிருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஒன்பதில் ஒன்று வெடித்தாலும் போதும். இனி அதைத் தொட வேண்டாம். துடைக்கவும் வேண்டாம், எண்ணெய் போடவும் வேண்டாம். பெட்டியைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

சரி, கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். படத்தில் சட்டகத்தின் மேல் பகுதியில் மார்க் 6 என்றும், பக்கத்தில் வெப்லி என்ற பெயரும் 1917 என்ற ஆண்டும் தெரிகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் செய்த ராணுவ ரிவால்வர் இது. வெப்லியை பிரிட்டிஷ் ராணுவம் முதலில் ஏற்றுக்கொண்டது 1887-ல். அதிலிருந்து ஒவ்வொரு மாதிரியாக மாற்றிக்கொண்டே வந்து, 1915-ல், முதல் உலகப்போரின் நடுவில், ஆறாவதைக் கொண்டுவந்தார்கள். ஆறு அங்குலக் குழல், ஆறு தோட்டா, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. முந்தைய மாதிரிகளில் பிடி கிளி மூக்குபோல வளைந்திருக்கும். ஆறாவதில் அதைச் சதுரமாக்கிக் கீழே கொஞ்சம் விரித்துவிட்டார்கள். உங்கள் படத்தில் அந்த விரிந்த பிடியும், அடியில் கயிறு கட்டும் வளையமும் இருக்கின்றன.

இதன் அழகே மடங்குகிற விதம்தான். இடப்பக்கத் தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். கவிழும்போதே நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு தோட்டா உறைகளையும் ஒரே தள்ளில் வெளியே கொட்டிவிடும். சேறும் தூசியும் நிறைந்த பதுங்குகுழிச் சண்டையில் இது பெரிய வசதி. (நீங்கள் அதையும் செய்து பார்க்க வேண்டாம்.)

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. நம் ஊரில் பிஸ்டல், ரிவால்வர் இரண்டையும் கைத்துப்பாக்கி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ரிவால்வர் என்றே எழுதிவிடுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். சுழலும் சிலிண்டர் இருந்தால்தான் ரிவால்வர். சேகரிக்க ஆசைப்படுகிற உங்களுக்கு இந்தப் பாகுபாடு முதல் நாளிலேயே தெரிய வேண்டும்.

உங்கள் மூன்றாவது படத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது, கவனித்தீர்களா? அகன்ற அம்பு என்பார்கள். அரசுச் சொத்து என்று பொருள். ராணுவம் பழையதை முறையாகக் கழித்து விற்றால், முனையோடு முனை முட்டுகிற மாதிரி இன்னொரு அம்பையும் பக்கத்தில் அடிப்பது வழக்கம். எனக்குத் தெரிகிற பக்கத்தில் ஒரே ஒரு அம்புதான் இருக்கிறது. துரை தன் சொந்தக் காசில் வாங்கியதாக இருந்தால் அம்பே இருந்திருக்காது. ஆக, பெரியம்மா சொல்கிற கதை அழகாக இருந்தாலும், எல்லாக் குடும்பத்திலும் ஒரு துரை இருக்கிறார் என்பது என் அனுபவம். 1942-ல் பர்மாவிலிருந்து ராணுவம் பின்வாங்கிய வழியெல்லாம் ஆயுதங்கள் சிதறிக் கிடந்தன. தாத்தா எடுத்துக்கொண்டு வந்தாரா, யாரிடமாவது வாங்கினாரா என்பதை அந்த இரும்பு சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதே இதுதான். நம் நாட்டில் ரிவால்வர் என்பது பாதி இரும்பு, பாதி காகிதம். காகிதம் இல்லாத பாதியைச் சேகரிக்க முடியாது. பதுக்கத்தான் முடியும்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நீங்கள் பார்த்தது அமெரிக்கச் சட்டம். அவர்களுடைய கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள் ஆகிவிடும், வழக்கமான கட்டுப்பாடுகள் அதற்குப் பொருந்தாது. அதனால்தான் டெக்சாஸில் ஒருவர் பழைய கோல்ட் ரிவால்வரைக் கண்காட்சி மேசையில் வைத்து மாம்பழம் மாதிரி விலை பேசுகிறார். அந்தக் கணக்கிலேயே உங்கள் 1917 தேறாது. இங்கே கணக்கே வேறு. நமது ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 45-ல் பழைய பாணி ஆயுதங்களுக்கும் பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கும் ஒரு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாததாக அது இருக்க வேண்டும். "நன்றாகவே வேலை செய்கிறது" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்! நூறு வருடக் கணக்கு வருவது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில். அது பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்தாமல் காக்கிற சட்டம். அதைக் காட்டி ஆயுத லைசென்ஸிலிருந்து தப்ப முடியாது.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தியபோது, கியூரியோ, அதாவது அரும்பொருள், வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை வாங்கவோ வைத்திருக்கவோ இந்தியக் குடிமகனுக்கு உரிமம் வேண்டாம் என்றது. பயன்படுத்த, வெளியே எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும், அதில் அந்த ஆயுதத்தை ஏற்றாமல் யாரும் தோட்டா விற்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. இதைப் படித்துவிட்டுச் சிலர் துள்ளிக் குதித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். "இது கியூரியோ" என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது தம்பி. அதிகாரியிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். தோட்டாவோடு கிடைத்த, வேலை செய்கிற ராணுவ ரிவால்வரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கேட்டால் கியூரியோ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பது பைத்தியக்காரத்தனம்.

அதிலும் உங்களுடையது .455. எங்கள் பேச்சில் இதைத் தடை செய்யப்பட்ட போர் என்போம். போர் என்றால் சண்டை இல்லை, குழலின் விட்டம். ராணுவத் தோட்டா போகிற .380, .455 ரிவால்வர்களையும் 9 மி.மீ. பிஸ்டல்களையும் பொதுமக்களுக்கு இல்லாத வகையில் வைத்திருக்கிறார்கள். சாதாரண .32 என்றால் மாவட்ட ஆட்சியரோ, மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனரோ லைசென்ஸ் தரலாம். தடை செய்யப்பட்ட போர் என்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான். தண்டனையும் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண வகையை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு, தடை செய்யப்பட்டதற்கு 7 முதல் 14 ஆண்டு. அந்த இரண்டு லட்ச ரூபாய்க்காரருக்கு விற்றிருந்தால்? லைசென்ஸ் இல்லாத விற்பனைக்குக் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவர் வாங்குபவராக இருந்தால் ஒரு ஆபத்து, மஃப்டியில் இருந்தால் இன்னொன்று.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1972-ல் குன்வந்த் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதத்தை வைத்திருப்பது என்றால் அது இருப்பதை அறிந்து வைத்திருப்பது என்று விளக்கியது. பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியாத வரையில் நீங்கள் குற்றவாளி இல்லை. பெட்டியைத் திறந்த அன்றிலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. அதனால்தான் தாமதிக்காதீர்கள் என்றேன். அதோடு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்காகப் பிரிவு 3-ன் கீழ் வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் பிரிவு 39 சொல்கிறது. தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தவரின் கோப்பும், சோதனையில் பிடிபட்டவரின் கோப்பும் அந்த மேசையில் ஒன்றாக இருக்காது.

ஆகவே, ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள், அது இன்னொரு குற்றம். கடிதத்தை மட்டும் எடுத்துப் போங்கள்: எந்த நாளில், எந்த வீட்டில், யார் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டது, துப்பாக்கியில் தெரிகிற எண் என்ன, தோட்டா எத்தனை. அவர்களே வந்து எடுத்துப் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள், அதில் எண் இருக்கிறதா என்று நின்று சரிபாருங்கள். "ஒரு பழைய துப்பாக்கி" என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிவிட்டு, பத்து வருடம் கழித்து மால்கானாவில், அதாவது போலீஸ் பொருள் காப்பறையில், தன் துப்பாக்கியை அடையாளம் காட்ட முடியாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட் பிஸ்டல் பல ஆண்டுகள் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில், மற்ற துப்பாக்கிகளோடு துப்பாக்கியாக, மேலே பெயிண்ட் அடித்துக் கிடந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் தெரிந்தது. பழைய வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணும் அதுதான். 2017-ல் அதைப் பஞ்சாபில் ஹுசைனிவாலாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம், தாத்தாவின் லைசென்ஸைத் தேடுங்கள். பத்திரப் பெட்டியில், பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவில், காலிகோ அட்டை போட்ட சின்னப் புத்தகமாக இருக்கும். வீட்டில் இல்லையென்றால் அரசுப் பதிவில் இருக்கலாம். 1985-க்கு முன்பு சிவகங்கை தனி மாவட்டமே இல்லை, பழைய இராமநாதபுரம் மாவட்டக் கோப்புகளைக் கேட்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்துவிட்டால் உங்கள் நிலையே மாறிவிடும். 2016 ஆயுத விதிகளில் விதி 25 வாரிசுகளுக்கானது. லைசென்ஸ்தாரர் இறந்தால் சட்டப்பூர்வ வாரிசு விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழும் பங்காளிகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். பெரியம்மாவையும் சேர்த்துத்தான். தடை செய்யப்பட்ட போர் என்பதால் டெல்லி வரை போகும், காலம் பிடிக்கும், கிடைத்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி உங்கள் ஆசை. சேகரிப்பது என்றால் எத்தனை? 2019 திருத்தம் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி என்று ஆக்கிவிட்டது, அதற்கு முன் மூன்று. பரம்பரைச் சொத்தாக வந்ததும் அந்த இரண்டுக்குள்தான். அலமாரி நிறைய வெப்லிகளை வரிசையாக வைத்துக்கொள்வது இங்கிருக்கிற தனி மனிதருக்கு நடக்காத காரியம்.

விலை விஷயத்தில் நம் நாடு தலைகீழாக நிற்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அசல்தன்மை. சட்டகத்திலும் சிலிண்டரிலும் ஒரே எண்ணா, முதல் நாள் நீலச் சாயம் எவ்வளவு மிச்சம், கூடவே உறை, ரசீது, உரிமையாளர் பெயர் உண்டா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவுக்குப் போன மார்க் 6-களில் நிறைய, .45 தோட்டா போடுவதற்காகச் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்துவிட்டார்கள். கடையாத ஒன்று கிடைத்தால் அங்கே மதிப்பு. இங்கே அதே மார்க் 6-ஐ வாங்க ஆள் இல்லை, ஏனென்றால் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பார்க்கச் சாதாரணமான ஒரு வெளிநாட்டு .32 லட்சங்களில் போகும். 1980-களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி அநேகமாக நின்றுபோனதால், முன்பே உள்ளே வந்தவைதான் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அரிய பொருளுக்கு விலை இல்லை, லைசென்ஸில் ஏறுகிற பொருளுக்கு விலை! இதில் வேடிக்கை, இப்போது வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் புது .32 ரிவால்வர் செய்கிறார்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயினின் எய்பாரிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் பிரபல மாதிரிகளைப் பார்த்துச் செய்தவை ஏராளம். அவை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப்போரில் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் ராணுவமே எய்பாரிலிருந்து .455 ரிவால்வர்கள் வாங்கியது. கைபர் கணவாய்ப் பக்கம் கைவேலையாகச் செய்தவை வேறு ரகம். முத்திரையைப் பார்த்துப் பொறித்தவருக்கு ஆங்கிலம் தெரியாததால் எழுத்து தலைகீழாகவோ கண்ணாடி பிம்பமாகவோ இருக்கும். பார்க்கச் சிரிப்பு வரும், சுட்டால் கை போகும்.

பழைய ரிவால்வர் வைத்திருக்கிற லைசென்ஸ்தாரர்களுக்கும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மெருகு போடாதீர்கள், நிக்கல் முலாம் பூசாதீர்கள். பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்து "எவ்வளவு போகும்?" என்று கேட்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், பாதி மதிப்பைத் தேய்த்துக் கொட்டிவிட்டு வந்திருப்பார். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து இரும்பை அரிக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வையுங்கள், ஆனால் காகிதத்தைச் சுற்றி அதன் மேல் வையுங்கள். தேர்தல் வந்து ஊர்த் துப்பாக்கியெல்லாம் டெபாசிட்டுக்கு என் கடைக்கு வரும்போது பார்க்கிறேன், பத்தில் நாலில் குழலின் மேல் ரூபாய்க் காசு அளவுக்குத் துரு வட்டம். துடைக்காமல் விட்ட போன வருடப் பொட்டு.

உங்களுக்கு நான் சொல்கிற வழி வேறு. இரும்பை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பதைச் சேகரியுங்கள். பழைய துப்பாக்கிக் கடைகளின் விலைப்பட்டியல்கள், சென்னை, கல்கத்தா கடைகளின் ரசீதுகள், காலாவதியான லைசென்ஸ் புத்தகங்கள், குழல் துடைக்கும் கம்பிகள், எண்ணெய்க் குப்பிகள், மர உறைப்பெட்டிகள், சாம் பிரௌன் பெல்ட்டுகள். அந்த பெல்ட்டை உருவாக்கிய சாம் பிரௌன் இந்திய ராணுவத்தில் இருந்து ஒரு கையை இழந்த அதிகாரி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே பழைய சாமான் மூட்டைகளில் இதெல்லாம் கிடைக்கும், விற்கிறவருக்கே என்னவென்று தெரியாது. ஆனால் "ஆன்டிக் ரிவால்வர்" என்று யாராவது துணியை விலக்கிக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். பித்தளை பூசிய அலங்காரப் பொம்மையாக இருந்தால் காசு போகும், நிஜமாக இருந்தால் நீங்களே போவீர்கள்.

அசல் இரும்பைக் கண்ணால் பார்க்க சென்னைக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் உண்டு. பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகமும் எழும்பூர்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஸ்டேஷனில் ரசீது வாங்கியதும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். தோல் உறை பெட்டியிலேயே இருக்கட்டுமா என்று ஃபோனில் கேட்டீர்கள். உறைக்கு லைசென்ஸ் வேண்டாம், அதிகாரி கேட்டால் மட்டும் கொடுங்கள். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் உறையின் மூடியைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். செய்தவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருப்பார்கள்.